குழவி வீட்டோடு சேர்த்தியில்லை

அம்மா,

இன்று காலை என் வீட்டை வாங்கப்போகிறவர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். கதவு, ஜன்னல், சுவரலமாரி எல்லாம் வீட்டோடுதான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பின்கதவுக்கு அண்டைகொடுத்திருந்த உன் ஆட்டுக்கல் குழவியைக் காட்டி, வாங்க வந்தவள், "இதுவும் சேர்த்திதானே?" என்றாள்.

தங்கச் சுரங்கத்து மைசூர் மைன்ஸில் நம் மூங்கில்தட்டி வீட்டை விற்ற நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு வேலை பக்கத்துச் சுரங்கமான கோரமண்டலுக்கு மாறியிருந்தது. நிலம் கம்பெனியுடையது, தட்டியும் கூரையும்தான் நாம் விற்றது. எல்லாம் பேசி முடித்த பிறகு நீ கடப்பாரையோடு அடுப்படியில் உட்கார்ந்தாய். உன் தாய்வீட்டிலிருந்து வண்டியில் வந்த ஆட்டுக்கல் அங்கே கழுத்து வரை புதைந்திருந்தது.

வீட்டை வாங்கிய பெண் பிள்ளைத்தாச்சி. இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னாக்கா இது? கல்லைப் பேத்துனு போயிட்டா பள்ளத்துலயா நான் அடுப்பு மூட்டறது?"

"எங்கம்மா குடுத்த கல்லுடி."

"குடுத்தாங்க, சரி. பதிச்சது யாரு? நீதானே?"

தரையில் பதித்தது வீட்டோடு, கையில் வருவது ஆளோடு. அதுதான் சுரங்கத் தொழிலாளர் லயன் வழக்கம். கூடியவர்களும் அவள் பக்கமே பேசினார்கள். நீ கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குழவியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாய். "இத நான் பதிக்கல" என்று கிளம்பினாய். கோரமண்டல் வரை அழுதுகொண்டே வந்தாய். நான் பார்க்காததுபோல நடந்தேன்.

சில நாளில் அவளே நம்மைத் தேடி வந்தாள்.

"வேற குழவி போட்டுப் பாத்தேன்கா. குழியில உக்காரவே மாட்டேங்குது."

"எப்பிடி உக்காரும்? ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சதுடி" என்று சிரித்துவிட்டாய்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் குழவியைக் கூடையில் சுமந்து போய், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆட்டிவிட்டு வருவாய். அவள் பிள்ளை உன் மடியில்தான் வளர்ந்தது. குழவியை அங்கேயே வைத்துவிட்டு வரக்கூடாதா என்று கேட்டால், "உட்டுட்டு வந்தா அதுவும் வூட்டோட சேந்துடும்" என்பாய்.

அந்த லயன் இருந்த இடத்தில் இப்போது சுரங்கத்து மண்மேடு. கல் அதன் அடியில் எங்கோ கிடக்கிறது.

இன்று வீடு பார்க்க வந்தவளிடம், "இது சேர்த்தியில்லை, என்கூட வருவது" என்றேன்.

"கல்லில்லாத குழவி எதுக்கும்மா?" என்றாள் அவள்.

நான் குனிந்து அதைத் தூக்கி, நீ வைத்துக்கொண்ட அதே பக்கம் இடுப்பில் வைத்துக்கொண்டேன். கனமாகத்தான் இருக்கிறது, அம்மா.