வாயை அடைத்த மாத்திரை

அத்தை, மலைப்பூண்டு வந்துவிட்டது. வியாபாரத்துக்கு எடுத்த மூட்டைகள் காலையில் வாசலில் இறங்கின. ஒன்றைப் பிரித்ததும் சருகு பறந்து, எனக்கு வரிசையாகத் தும்மல். மூச்சிளைப்புக்கான பஃப்பை வாயில் வைத்து இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். "மூக்கா இது, மதகா?" என்று கேட்க நீங்கள் இல்லை. கேட்டிருந்தால் நானும் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

நமக்குள் என்றைக்கு ஒத்துப்போனது? குழம்புக்கு உப்பு, கோழிக்குத் தீவனம், டிவியில் எந்தச் சேனல், எல்லாவற்றுக்கும் சண்டைதான். நீங்கள் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். வடுகபட்டியில் நம் தெருவே வேடிக்கை பார்க்கும்.

ஒரு வருடம் பூண்டு சீசனில் இளைப்பு முற்றி, தேனியில் டாக்டரம்மாவிடம் போனேன். இளைப்புக்கும் தும்மலுக்கும் சேர்த்து, படுக்கப்போகும்போது போட ஒரு மாத்திரை எழுதினார். அது வேலை செய்யவில்லை என்று சொன்னால் பொய். நெஞ்சில் விசில் சத்தம் நின்றது. ஆனால் தூங்கினால் கெட்ட கனவுகள். விடிந்தால் எழுந்திருக்கவே மனமில்லை. இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்ற ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தேன்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றார் உங்கள் மகன். உங்கள் தங்கை வந்து, "மருமக அடங்கிட்டா போல. குலசாமி கண்ணத் தொறந்துருச்சுக்கா" என்றார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் நான் வைத்த ரசத்தைக் கழனித்தண்ணி என்று சொல்லிக் கீழே ஊற்றினீர்கள்.

"சரி அத்தை, வேற வைக்கிறேன்."

உங்கள் முகம் வெளுத்துவிட்டது. "ஏத்தா, இது நீ இல்ல. எங்கூட மல்லுக்கட்டுறவ எங்க போனா? உள்ளதச் சொல்லு, என்ன பண்ணுது?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். எப்போதிருந்து என்று கேட்டீர்கள். மாத்திரை போட ஆரம்பித்த பிறகுதான் என்றேன். அட்டையைத் தூக்கி எறியப் போனவர், என்ன நினைத்தீர்களோ, இடுப்பில் செருகிக்கொண்டு என்னைத் தேனி பஸ்ஸில் ஏற்றினீர்கள். டாக்டரம்மாவின் மேசையில் அதை வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினீர்கள்.

"இளைப்பு நின்னுருச்சும்மா. ஆனா எம் மருமக ஊமையாயிட்டா. பழையபடி ஆக்கிக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. கனவைப் பற்றியும் நினைப்பைப் பற்றியும் என்னிடம் விசாரித்தார். "இந்த மாத்திரை நெறயப் பேருக்கு நல்லாத்தான் கேட்கும். சிலருக்கு மட்டும் மனசத் தளர்த்திரும், சாகுற நெனப்பு வரைக்கும் கொண்டுபோயிரும். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். ஒடனே கூட்டிட்டு வந்தது நல்லது" என்றார். அதை நிறுத்திவிட்டு பஃப் எழுதிக்கொடுத்தார். அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அவ அடங்கலடி, நோவு கண்டிருந்தா. டாக்டரம்மாவே சொன்னாக."

மெல்ல மெல்லத் தெளிந்தேன். ஒருநாள் நீங்கள் மறுபடியும் ரசத்தைக் குறை சொன்னபோது, "அம்புட்டு ருசி வேணும்னா நீங்களே வச்சுக் குடிங்க" என்றேன். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைத் திட்டித் தீர்த்தீர்கள். அன்றைக்கு உங்கள்மேல் எனக்கு வந்த பிரியத்தை உங்களிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

எந்த டாக்டர் எந்த மாத்திரை எழுதினாலும், மனசை என்ன செய்யும் என்று கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை. வீட்டில் யாராவது திடீரென்று பரம சாதுவாகிவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. போன வாரம் உங்கள் பேத்தி பேசாமலே திரிந்தாள். வேண்டுமென்றே அவள் போனைப் பிடுங்கி வைத்தேன்.

"ஒனக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். எனக்குப் போன உயிர் வந்தது, அத்தை.