விலை இறங்கட்டும் என்றாய்

அக்கா,

இன்று காலை ஊரப்பாக்கம் வீட்டில் என் மகள் இரண்டு பை நிறையப் புளி வாங்கிவந்து மேசைமேல் கொட்டினாள். தள்ளுபடியாம். "இப்ப வாங்கினா லாபம்மா, ஒரு வருஷத்துக்கு ஆச்சு" என்றாள். புதுப்புளி வாசனை வீடெங்கும் பரவியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, உன்மேல். நீ போய் இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை.

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். உறவில் ஓரகத்தி, வாய்க்கு நீ அக்கா. தையில் துவரை, மாசியில் புளி, பங்குனியில் மிளகாய், கோடையில் கருவாடு என்று எது எப்போது மலியும் என்பது உனக்கு அத்துப்படி. மலிந்த அன்று மூட்டையாக வாங்குவாய். மற்ற நாளில் கடைப்பக்கம் தலைவைக்க மாட்டாய். கெட்டிக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுசைத் தொட விட்டாயா? "பழசு தீராம புதுசுல கை வெக்காதடி" என்பாய். பழசு தீர்வதற்குள் புதுசும் பழசாகிவிடும். வருஷம் முழுக்கக் கறுத்த புளியும் வண்டு விழுந்த பருப்பும்தான் தின்றோம். அதிலும் அடியில் கிடந்தது உன் தட்டுக்கு.

ஆண்கள் இருவரும் உன்னை மெச்சினார்கள். "எங்க அண்ணி கை வெச்சா துட்டு தங்கும்" என்பார் என் வீட்டுக்காரர். தங்கியது. கூடத்தில் உன் புருஷனுக்கு ரேடியோ வந்தது. நீ அடுக்களையில் நின்றபடியே பாட்டுக் கேட்டாய்.

ஒரு கார்த்திகையில் படுத்தாய். கஞ்சிகூட இறங்கவில்லை. கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றுதான் வாய்திறந்தாய். "வஞ்சிரம் ஒரு துண்டு வறுத்துத் தரியாடி?" உனக்கென்று நீ எதையும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடைமழை. கட்டுமரங்கள் கடலில் இறங்காத நாட்கள். பஸ் ஏறி மாமல்லபுரம் போய்க் கரையில் நனைந்துகொண்டு நின்றேன். ஒரே ஒரு கூடை வந்தது. மீன்காரம்மா சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கிவந்தேன்.

நீ முதலில் கேட்டது விலையை. பாதியாக்கிப் பொய் சொன்னேன். அதற்கே எழுந்து உட்கார்ந்துவிட்டாய்.

"இன்னாடி அநியாயம் இது! இம்மாம் துட்டு குடுத்து ஒரே வேளைல துன்னுட்டா போச்சா? உப்பு போட்டு வையி. தை வந்தா மீனு மலிஞ்சிரும், அப்போ வறுத்துக்கலாம்."

"தை வரைக்கும் நீ இருப்பியா?" என்று கத்திவிட்டேன்.

நீ சிரித்தாய். "நான் இல்லாட்டி இன்னா, நீங்க துன்னுங்க. வீணாவாது."

நான் உப்பைத் தொட மாட்டேன் என்றேன். நீயே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டாய். மழையில் வெயில் ஏது? அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் போய்ப் படுத்தாய்.

மார்கழியில் போய்விட்டாய். காரியமெல்லாம் முடிந்து, வீட்டில் மீன் சமைக்கலாம் என்றான முதல் நாள், அந்த வஞ்சிரத்தைத்தான் குழம்பு வைக்கச் சொன்னார்கள். உன் புருஷன் விரலைச் சூப்பிக்கொண்டே, "பாத்தியா, செத்தும் மிச்சம் பண்ணி வெச்சிட்டுப் போயிருக்கா" என்றார். கொதிக்கிற சட்டியை அவர் தலையில் கவிழ்க்காமல் நான் எப்படி நின்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரு துண்டும் இறங்கவில்லை.

வருஷா வருஷம் உனக்குப் படைப்பது நான்தான். மார்கழியில் மீன் விலை கேட்கவே பயமாக இருக்கும். "பொங்கல் கழிச்சு வாங்கினா ஆகாதாம்மா?" என்கிறாள் மகள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. இருப்பதிலேயே நல்ல நடுத்துண்டாகப் பார்த்து வாங்கி, சுடச்சுட வறுத்து இலையில் வைத்துவிட்டு, உன் படத்தைப் பார்த்துத் திட்டுகிறேன்.

"வாய மூடிக்கினு துன்னு அக்கா."