டீக்கடை பக்கம், ரயில் பக்கம்

ஜூன் 9, திங்கள்

ஐந்து மாடிக்குக் கண்ணாடி ஏறிவிட்டது. எல்லாம் ஒரே அளவு, அதனால் தொல்லை இல்லை. ஆறிலிருந்துதான் முகப்பு லேசாக வளைகிறது. வரிசைக்குப் பதினான்கு கண்ணாடி. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு மில்லிமீட்டர் அகலம் கூடுதல். எண் ஒட்டி அனுப்பியிருக்கிறோம். அந்த வளைவு என் யோசனை. இரண்டு வருஷமாக அதோடுதான் தூங்கி எழுகிறேன்.

பூபாலன்தான் ஃபோர்மேன். அவர் ஆட்கள் மாடிக்கு உள்ளே நின்றபடி கண்ணாடியை இழுத்துக் கொக்கியில் மாட்டுகிறார்கள். "நாங்க பாத்துக்கிறோம், நீங்க டீ குடிச்சுட்டு வாங்க மேடம்" என்றார். குடித்தேன். முகப்பின் ஒரு கோடியில் பார்வதம் அக்கா டீக்கடை, மறு கோடியில் ரயில் பாதை. டீயில் இன்று சர்க்கரை அதிகம்.

ஜூன் 19

ஆறாவது மாடி. முதல் இரண்டு கண்ணாடியை எப்படியோ நகர்த்தி மாட்டிவிட்டார்கள். மூன்றாவது கொக்கியில் உட்காரவில்லை. அழுத்தியதில் மூலை உடைந்துபோயிற்று. மாற்றுக் கண்ணாடி வர ஆறு வாரம்.

எங்கள் ஆபீஸ் தலைவர் ஞானசேகரன் சார் போனில், "நம்பர் போட்டுக் குடுத்தும் வரிசையத் தலைகீழா மாட்டியிருக்கான். அந்தாளை அனுப்பிடலாம்" என்றார். நான் "ம்" என்றேன்.

ஜூன் 20

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நான் வரைந்தது தெருவிலிருந்து பார்க்கும் முகப்பு. எங்கள் ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் வரைவோம், யாரும் அதை எழுதுவதில்லை. உள்ளே நிற்பவருக்கு என் இடது அவருடைய வலது. பூபாலன் தன் இடது கோடியில் ஒன்றாம் எண்ணை மாட்டினார். வேறு எங்கே மாட்டுவார்?

கீழே ஐந்து மாடியும் இப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே அளவென்பதால் தெரியவில்லை. ச்சே, எப்படித் தோணாம போச்சு எனக்கு?

ஜூன் 21

இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

பூபாலன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இருபது வருசமா மாட்டிக்கினு கீறேன் மேடம். நம்பரப் பாத்துதான் மாட்னேன்."

அங்கேயே நின்று சாருக்குப் போன் போட்டேன். "தப்பு என் வரைபடத்துல சார். அவர் மேல இல்ல."

"உன் பேர் கெட்டுடும் நிவேதிதா. யோசிச்சுப் பேசு" என்றார் சார்.

"மூணு நாளா யோசிச்சுட்டேன் சார்."

பூபாலன் பையைக் கீழே வைத்தார்.

ஜூன் 24

புதிதாக வரையும்முன் அவரிடமே கேட்டேன். "லெஃப்டு ரைட்டுலாம் வாணாம் மேடம். டீக்கடை பக்கம் இன்னா நம்பர், ரயில் பக்கம் இன்னா நம்பர், அத்த மட்டும் போடுங்க. உள்ள நின்னாலும் வெளிய நின்னாலும் டீக்கடை அங்கதான கீது?"

சிரித்துவிட்டேன். அப்படியே போட்டு அனுப்பினேன். ஆபீசிலிருந்து ஒரே வரியில் பதில்: கம்பெனி வரைபடத்தில் டீக்கடை வேண்டாம், எடுத்துவிடவும்.

ஜூலை 1

இனி இந்தக் கட்டடம் ஆபீசில் என்னோடு வரையும் தினகரன் பொறுப்பு. எனக்கு முகப்பேரில் ஒரு துணிக்கடை முகப்பு. இரண்டு மாடி, நேர்ச் சுவர்.

என் வளைவு. அதை நான் மாட்டி முடிக்கப் போவதில்லை. வீடு திரும்பும் ரயிலில், திருமுல்லைவாயில் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி அழுதேன்.

ஆகஸ்ட் 4

மாற்றுக் கண்ணாடி வந்ததாம். தினகரன் சொன்னான். நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் பூபாலன் போன். "கடைசி கண்ணாடி மேடம். வந்துட்டுப் போங்க."

அரை நாள் லீவு போட்டுப் போனேன். பன்னிரண்டாவது மாடி. பதினான்காம் எண் சத்தமில்லாமல் கொக்கியில் உட்கார்ந்தது. கீழே தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். வளைவு நான் வரைந்த மாதிரியே இருந்தது.

பூபாலன் கையில் தினகரன் அச்சடித்த தாள் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. தெரிந்ததுதான், ஆனாலும் வலித்தது.

மடித்துத் தரும்போதுதான் ஓரத்தைக் கவனித்தேன். கம்பெனி முத்திரைக்குப் பக்கத்தில், கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: டீக்கடை பக்கம் – 1. ரயில் பக்கம் – 14.

"எல்லா மாடிக்கும் இப்படித்தான் வந்துச்சு மேடம்" என்றார் பூபாலன். பார்வதம் அக்கா கடையில் இரண்டு டீ சொன்னோம்.