தொட்டிலில் முதலில் வைக்கும் கல்

மச்சான்,

நம் பழைய கணக்கில் 1944, நம் தீவைப் பிடித்து ஆளும் ஜப்பான்காரன் கணக்கில் 2604. மூன்றாம் மாதம், பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. டோக்கியோ நேரம் காலை ஒன்பதரை; சூரியனுக்கும் என் மகளின் வயிற்றுக்கும் எட்டு. கண்ணெதிரே தொட்டில்கள் மூன்று. மடியில் அம்மிக் குழவி ஒன்று. அவள் பிறந்து நாற்பத்திரண்டு நாள் ஆகிறது, இன்னும் தரையில்தான் படுக்கிறாள். அதற்கு நீதான் காரணம்.

நீ சயாமில் மண்ணுக்குள் இருக்கிறாய். அது எனக்குத் தெரியும். உன் தங்கைக்குத் தெரியாது. தொட்டில் இல்லாததற்கு முழு விளக்கம் இவ்வளவுதான். இதை எந்தத் தபாலிலும் சேர்க்க முடியாது என்றும் தெரியும். ஆனால் யாரிடமாவது கத்த வேண்டும், உன்னிடம் கத்தித்தான் எனக்குப் பழக்கம்.

பழைய சாமான் கடையில், கவிழ்த்த மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் உட்கார்ந்து, மின் நிலையத்து மீட்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கடைக்கார பாய், "நல்லா யோசிங்க தம்பி, நான் கோப்பி குடிச்சிட்டு வர்றேன். கோப்பின்னா என்ன, வறுத்த சோளத் தண்ணிலா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்னிடமிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கத்தான் போனார். காரணம் இந்தக் கல்.

பையிலிருந்து குழவியை எடுத்ததும் ஒரு அடி பின்வாங்கினார். "என்ன தம்பி, தொட்டில் வாங்க வந்தீங்களா, மசாலா அரைக்க வந்தீங்களா?"

"தாங்குமான்னு பாக்குறேன் பாய்."

"பிள்ளை என்ன கல்லா?"

"கல்லைத் தாங்கினா பிள்ளையைத் தாங்கும்."

"அப்ப கல்லையே வளத்துங்க. பாலாவது மிச்சம்."

முதல் தொட்டில் ஏதோ துரை வீட்டில் இருந்தது. வெள்ளை வர்ணம் பூசிய இரும்பு, நான்கு மூலையிலும் பித்தளைக் குமிழ். பார்க்க அழகு. ஆனால் கம்பிக்கும் கம்பிக்கும் ஐந்து அங்குல இடைவெளி. குழவியை உள்ளே கிடத்தி ஒரு குலுக்குக் குலுக்கினேன். உருண்டு கம்பி வழியாக வெளியே வந்து பாயின் கால் விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. இதை வரைந்தவன் பிள்ளையைப் பார்த்திருக்கவே மாட்டான். இரண்டாவது பிரம்புத் தொட்டில். கல்லைத் தாங்கியது. ஆனால் கல்லின் பாரம் பட்டதும் பின்னல் இடுக்குகளிலிருந்து மூட்டைப்பூச்சிகள் அணிவகுத்து வந்தன. மூன்றாவது ஒரு மரப்பெட்டி. மேல்மூடியை எடுத்துவிட்டு நான்கு கால் அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஜப்பான் எழுத்து. அசையவே இல்லை.

"இதுதான் கெட்டி. குண்டு வெச்சிருந்த பெட்டி தம்பி."

"அதுல பிள்ளையப் போடச் சொல்றீங்களா?"

"குண்டே சத்தம் போடாம கெடந்துச்சு. பிள்ளை கெடக்காதா?"

நீ இருந்திருந்தால் அவரைக் கட்டிப்பிடித்துச் சிரித்திருப்பாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு ஊரில் ஒழுங்கான தொட்டில் ஒன்று கிடையாதா? நாலு கால், நாலு பக்கம், ஒரு அடிப்பாகம். டர்பைன் இல்லையே இது.

இந்தக் கல் பழக்கத்தை எனக்கு ஏற்றிவிட்டவன் நீ. சுங்கை பினாங்கில் உன் சித்தப்பா மகளின் பிள்ளைக்குத் தொட்டில் போட்ட நாள். நான் அப்போது டெக்னிக்கல் பள்ளி முடித்து, மின் நிலையத்தில் சேர்ந்து, உலகத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று திரிந்த சமயம். நீ டிராலி பஸ்ஸில் கண்டக்டர். தினமும் உன் பஸ்ஸில் ஏறி, தினமும் கூரைக் கொம்பு மேலே ஓடும் மின்கம்பியிலிருந்து கழன்று பஸ் நடுவழியில் நிற்கும்போது, ஏன் கழல்கிறது என்று உனக்குப் பாடம் நடத்துவேன். "காரணம் தெரிஞ்சா போதுமா, இறங்கித் தள்ளு" என்பாய். அப்படிப் பழகித்தான் அந்த வீட்டுக்கு அழைத்துப் போனாய். உத்தரத்தில் கொக்கி நான் மாட்டினேன். பிள்ளை எடை இவ்வளவு, சேலை எடை இவ்வளவு, ஆட்டும்போது இவ்வளவு கூடும் என்று தாளில் போட்டுக் காட்டினேன்.

பெண்கள் பிள்ளையைக் கொண்டுவரும் முன் நீ குழவியைத் துணியில் சுற்றித் தூளியில் கிடத்தினாய். உங்கள் வீட்டு வழக்கம் அது. தொட்டில் கொடுப்பவன் தாய்மாமன், முதலில் கல்லை வைத்து மூன்று முறை ஆட்டுபவனும் அவன்தான். "இது எதுக்கு? கணக்குப் போட்டாச்சுல்ல?" என்று கேட்டேன். எல்லார் காதிலும் விழும்படிதான் கேட்டேன். நீ ஆட்டத் தொடங்கினாய். முதல் ஆட்டைத் தாங்கியது. இரண்டாவது ஆட்டில் கொக்கி மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தது. கல், மரப்பலகைத் தரையை உடைத்துக்கொண்டு கீழே போய், கால் நட்டுக் கட்டிய அந்த வீட்டடியில் இருந்த கோழிகள் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடின.

உத்தரத்துக்குள் கரையான். என் தாளில் கரையானுக்கு இடம் இல்லை.

நீதான் அந்த ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்து, "கல்லுதானே மாப்ளே விழுந்துச்சு. வேற கொக்கி கொண்டா, வேற மரம் பாரு" என்றாய். அவ்வளவுதான். ஒரு குத்தல் கிடையாது. அன்றுதான் உன் தங்கையை முதலில் பார்த்தேன். கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடம் கழித்து அதே சிரிப்பு என் வீட்டுக்கு வந்தது. அதற்கும் நீதான் காரணம்.

போன ஆகஸ்டில், பாகங்கள் கிடைக்காமல் பாதி பஸ்கள் நின்றபோது, வேலையில்லாத கண்டக்டர்களின் பட்டியல் ஒன்று எடுத்தார்கள். மின் நிலையத்து ஆட்களைத் தொடவில்லை. உன் பெயர் வந்தது. சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதம், அரிசி உண்டு என்றார்கள். வழியனுப்பப் படகுத்துறையில் நானும் உன் தங்கையும் நின்றோம். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம் தொடங்கியிருந்தது. நான் வழக்கம்போல, "இவனுங்க சொல்ற மூணு மாசத்த நம்பாதே. ஒரு வருஷம் விடமாட்டான்" என்றேன். அவள் அழத் தொடங்கினாள்.

நீ என் தலையில் ஒன்று தட்டினாய். "உன் வாய்க்கு ஒரு ஃபியூஸ் போட்டு வெய்யி மாப்ளே. சூடானா தானா அறுந்துக்கிடணும்." பிறகு அவளிடம் திரும்பி, "இந்தா, அழாத. தொட்டில் நான்தான் போடுவேன். அதுக்குள்ள வேற எவனாச்சும் போட்டான், வந்து கழட்டிக் கடல்ல வீசிருவேன், பாத்துக்க" என்றாய்.

வேடிக்கையாகச் சொன்ன பேச்சு. அவள் அதைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் மின் நிலைய வாசலில் ஒரு ஆள் வந்து என் பெயரைக் கேட்டான். புக்கிட் மெர்தாஜாம்காரன். உன்னோடு ஒரே ரயில் பெட்டியில் போனவன். முழங்காலுக்குக் கீழே புண், ஈ மொய்க்கிறது, வேலைக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலரா என்றான். இரண்டே நாள் என்றான். நான் எப்படிக் கேட்டேன் தெரியுமா? "நீ கண்ணால பாத்தியா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?" நொண்டிக்கொண்டு வந்து நிற்கிறவனிடம் இதைக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை.

"நான்தாண்ணே மண்ணு போட்டேன்" என்றான். "தங்கச்சிக்குப் பிள்ளை பொறக்கப்போவுது, தை கடைசியிலன்னு எந்நேரமும் மாசத்த எண்ணிக்கிட்டே இருப்பாரு. கடைசியில ஒண்ணு சொன்னாரு. நான் வரலேன்னா மாப்ளையையே தொட்டில் போடச் சொல்லு. கல்லு வெச்சுப் பாத்துட்டுப் போடச் சொல்லு."

பார்த்தாயா நீ செய்து வைத்திருப்பதை? உன் தங்கை வேறு எவர் தொட்டிலையும் ஏற்க மாட்டாள், உன் வார்த்தை ஒன்றுக்குத்தான் கட்டுப்படுவாள். அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் நீ செத்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் பிரிக்க வழியே இல்லை; முப்பத்துமூன்று நாளாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். பிரசவம் ஆன உடம்பு, பால் வற்றிவிடும் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பதினாறாம் நாள் தொட்டில் போட வேண்டியது. "அண்ணன் வரட்டும்" என்றாள். சரி என்றேன். முப்பதாம் நாள். "அண்ணன் வந்துடும்லா, அவசரம் என்ன?" சரி என்றேன். நான் சரி சொல்கிற ஆளா? ஊரெல்லாம் என்னை வாய்த்துடுக்கு என்கிறது. வேண்டிய இடத்தில் நீ சொன்ன ஃபியூஸ் அறுந்து கிடக்கிறது.

முந்தாநாள் காலை அவள் கிணற்றடிக்குப் போயிருந்தாள். நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். பாயில் ஏதோ அசைந்தது. எலி. எங்கள் டத்தோ கிராமாட் வீட்டு எலிகளை உனக்குத் தெரியும். இப்போது அவற்றுக்கும் தீனி இல்லை. பிள்ளையின் காலில் சுற்றியிருந்த துணியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. காலில் மாட்ட வைத்திருந்த சப்பாத்தை எடுத்து எறிந்தேன். துணிதான் போயிற்று, கால் விரல் ஐந்தும் இருக்கின்றன. மூன்று முறை எண்ணினேன். எங்கள் அறை உத்தரத்தில் தூளி கட்டலாம் என்றால் அதிலும் கரையான். தட்டிப் பார்த்துவிட்டேன்.

இன்று காலை குழவியைப் பையில் போடும்போது முதல் தடவையாகப் பார்த்துவிட்டாள்.

"கல்ல எங்க கொண்டு போறீங்க?"

"கொத்தக் குடுக்கப் போறேன்."

"கொத்துறவன் சயாமுக்குப் போயி எத்தன மாசமாச்சு."

நான் பையின் வாரை இழுத்துக் கட்டினேன். அவள் பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "அரைக்கத்தான் என்ன இருக்கு. கொண்டு போங்க" என்றாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய், அதுவும் இவ்வளவு மட்டமாக. அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. மீட்டர் என்றால் படித்துச் சொல்லிவிடுவேன்.

இங்கே உட்கார்ந்து மூன்று தொட்டிலையும் முறைத்துக்கொண்டிருந்ததில் ஒன்று விளங்கியது. நான் உண்மையில் தொட்டில் தேடவே இல்லை. மூன்றிலும் குறை கண்டுபிடித்தால் இன்னொரு நாள் தள்ளலாம், அதற்குத்தான் வந்திருக்கிறேன். ஐந்து அங்குல இடைவெளியை அடைக்க எனக்குத் தெரியாதா என்ன? நேற்றுச் சேர்ந்த பையன்கூடச் செய்வான். கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்த அன்று நீ வேறு கொக்கி கேட்டாய். நான்தான் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன் போலிருக்கிறது.

மடியில் கல் கனக்கிறது. ஒரு வாரமாக ஒவ்வொரு கடையாக இதைச் சுமந்துகொண்டு திரிகிறேன், தோளில் பை வார் பட்ட இடம் கன்றிவிட்டது. நீ எனக்கு விட்டுப்போன வேலை இதுதான் என்றால், சரி. இந்தச் சரியை மட்டும் முழு மனதோடு சொல்கிறேன்.

பாய் திரும்பி வருகிறார். கையில் இரண்டு குவளை, ஒன்று எனக்கு. செய்ய வேண்டியவை:

1. துரை வீட்டு இரும்புத் தொட்டிலை எடுப்பேன். வழவழப்பான இரும்புக் காலில் எலி லேசில் ஏறாது.

2. கம்பி இடைவெளியைக் கயிற்று வலையால் அடைப்பேன். முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்ப்பேன்.

3. கப்பல் கட்டும் கயிறுகளில் எலி ஏறாமல் மாட்டுகிறார்களே தகர வட்டம், அதேபோல் நான்கு வெட்டி நான்கு காலிலும் மாட்டுவேன்.

4. குழவியைக் கிடத்தி நானே நூறு முறை ஆட்டுவேன். இந்த முறை கரையானையும் கணக்கில் சேர்ப்பேன்.

5. உன் தங்கையிடம் சொல்வேன். காலரா, இரண்டு நாள், மண் போட்டவன் பெயர், நீ சொன்ன வார்த்தை, நான் மறைத்த முப்பத்துமூன்று நாள், எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் பேசாமல் பக்கத்தில் உட்காருவேன். அவள் கல்லைக் கேட்கும்போது கையில் கொடுப்பேன். உன் இடத்தில் நின்று அவளே வைக்கட்டும்.

6. ஐந்தாவதை முதலில் செய்வேன். இப்போதே வீட்டுக்குப் போகிறேன்.