நாகம்மாளுக்குக் கட்டிய சேலை

உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. கடைசிவரை 'இங்க பாருங்க'தான். கடிதத்தையும் அப்படியே தொடங்குகிறேன். இங்க பாருங்க, விராலிமலைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்கிற சிலைக்குச் சர்க்கார் போர்டு வைத்துவிட்டார்கள்.

பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நீலப் பலகை, வெள்ளை எழுத்து: 'பார்சுவநாதர். சமணத் தீர்த்தங்கரர்.' ஆத்தாவைப் பார்க்கப் போனவள், மழைக்குக் கண்மாய் நிறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கரையேறினேன். படித்ததும் முகமெல்லாம் சூடாகிவிட்டது. மேய்கிற ஆடுகளைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். சர்க்கார் இப்போது எழுதி வைத்திருப்பதை நீங்கள் எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலேயே, அதே இடத்தில், சொல்ல வாயெடுத்தீர்கள். சொல்லவிடாமல் செய்தது என் சேலை.

நீங்கள் டிராயிங் மாஸ்டர். ஆனால் திருக்கோகர்ணத்தில் நம் வாடகை வீட்டைத் தேடி வந்தவர்கள் படம் வரையச் சொல்லி வந்தவர்கள் இல்லை. "சார், எங்க வயக்காட்டுல ஒரு செலை கெடக்கு, என்ன சாமின்னு வந்து பாத்துச் சொல்லுங்க" என்றுதான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பென்சிலும் நோட்டுமாகக் கிளம்பிவிடுவீர்கள். மற்றவர்கள் பெண்டாட்டியை சினிமாவுக்குக் கூட்டிப் போனார்கள். நான் மூக்கு உடைந்த கல்லையெல்லாம் பார்த்தேன். "மூஞ்சியப் பாக்காத. மூஞ்சியில நாம நெனச்சதுதான் தெரியும். கையப் பாரு" என்பீர்கள். "கையெல்லாம் சந்தனத்த அப்பி வச்சிருக்காங்க, எதப் பாக்குறது?" என்று நான் கேட்டால் அப்படிச் சிரிப்பீர்கள். கை என்ன வைத்திருக்கிறது, காலடியில் என்ன மிருகம், தலைக்குமேல் என்ன, இதையெல்லாம் வைத்து ஆளைச் சொல்லிவிடுவீர்கள். உங்கள் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இருந்ததில்லை. உங்களுக்கு அது ஒன்றுதான் கர்வம். எனக்கும்தான்.

நமக்குக் குழந்தை இல்லை. உங்கள் அம்மா நேரே என்னை ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வீட்டுல ஒன் சத்தமாச்சும் கேக்கட்டும்டா" என்று நான் அடுப்படியில் இருக்கும்போது சொல்வார்கள். நான் ஒரு புகையும் இல்லாத அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன். இதெல்லாம் உங்கள் காதுக்கு வந்ததில்லை, நானும் சொன்னதில்லை.

ஆத்தாதான் நாகம்மாளிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னது. ஐந்து தலைப் பாம்பு குடை பிடிக்க, கண்மாய்க் கரையில் ஆள் உயரத்துக்கு நிற்கிற அந்தச் சிலைதான். ஊர்ப் பெண்கள் எல்லாரும் மஞ்சள் பூசி, சேலை கட்டி, பால் ஊற்றுவார்கள். தீபாவளிக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்களே, கிளிப்பச்சைக் கரை போட்ட மஞ்சள் சேலை, அதைக் கொண்டுபோய்க் கட்டினேன். உங்களிடம் ஆத்தாவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். படித்த மனுஷன், சிரிப்பீர்களோ என்று பயம்.

ஆடிக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால் செம்போடு பெண்களுக்கு நடுவில் நின்றேன். கரைமேல் நீங்கள் வந்தீர்கள். கூடவே உங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா. பத்திரிகைக்கெல்லாம் எழுதுகிறவர், நீங்கள் சொல்லப்போவதைக் குறித்துக்கொள்ளக் காகிதத்தோடு வந்திருந்தார். டவுன் ஆட்கள் என்று பெண்கள் விலகி வழிவிட்டார்கள். நான் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நீங்கள் நேரே போய்ச் சேலைத் தலைப்பில் கைவைத்தீர்கள்.

"அய்யய்யோ, பொம்பளத் தெய்வம்! சேலைய உருவாதீங்க சாமி!" என்று ஒரு கிழவி கத்தியது.

"பொம்பளயா ஆம்பளயான்னு இப்பத் தெரிஞ்சுரும் ஆத்தா" என்று சிரித்தபடி ஒரு சுற்றுப் பிரித்தீர்கள். மார்பு பாதி தெரிந்தது. இன்னொரு சுற்றுக்கு இழுத்தபோது கிளிப்பச்சைக் கரை உங்கள் கைக்கு வந்தது. அதில் ஒரு மைக்கறை. நீங்கள் படம் போடும்போது சிந்திய கறுப்பு மை, எத்தனை துவைத்தும் போகாதது. அதைப் பார்த்தீர்கள். விரலால் தடவிப் பார்த்தீர்கள். பிறகு தலையைத் தூக்கி, அத்தனை பெண்களுக்குள்ளும் என்னைக் கண்டுபிடித்தீர்கள். அந்த நிமிஷம் கண்மாய்த் தண்ணீர் என்னை அப்படியே இழுத்துக்கொண்டு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன மாஸ்டர், யாருன்னு சொல்லுங்க" என்றார் தமிழ் ஐயா.

"நாகம்மாதான் ஐயா."

"பஸ்ஸுல வாரப்ப வேற மாதிரி சொன்னீங்களே?"

"தப்பாச் சொல்லிட்டேன். பாம்பு இருக்குல்ல, நாகம்மாதான்."

சொல்லிக்கொண்டே சேலையைத் திரும்பச் சுற்றினீர்கள். சேலை கட்ட உங்களுக்கு எங்கே தெரியும்? வேட்டி மாதிரி சுற்றி வைத்தீர்கள், பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் செம்பைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தேன். கொசுவம் வைத்து, தலைப்பை எடுத்துப் போட்டு ஒழுங்காகக் கட்டினேன். தமிழ் ஐயா என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

அவர் சும்மா இருக்கவில்லை. வேறு யாரையோ அழைத்துவந்து பார்த்து, அது சமணச் சிலை என்று பத்திரிகையில் சரியாகவே எழுதிவிட்டார். அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு 'நாகம்மா மாஸ்டர்' என்று பெயர். ஒருநாள் பையன்கள் கரும்பலகையில் படமெடுத்த பாம்பு ஒன்றை வரைந்து வைத்திருந்தார்களாம். நீங்கள் சாக்பீஸை எடுத்து, பாம்பின் கழுத்து வளைவைத் திருத்திவிட்டுப் பாடத்தைத் தொடங்கினீர்களாம். சக வாத்தியாரின் பெண்சாதி சிரிக்கச் சிரிக்க என்னிடம் சொன்னாள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். சிலை பார்க்கச் சொல்லி ஆள் வருவதும் மெல்ல நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வீட்டிலேயே இருந்தீர்கள். என்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். பாவி மனுஷன், சொல்லவே இல்லையே நீங்கள்.

நானேதான் ஒருநாள் கேட்டேன். "நெசமா அது யாருங்க?"

பென்சில் சீவிக்கொண்டிருந்தீர்கள். நிமிராமலே சொன்னீர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நின்றவர். வீடு, வாசல், பெண்டாட்டி, பிள்ளை, கடைசியில் துணியையும். மழையும் கல்லும் மேலே விழுந்தபோது பாம்பு குடை பிடித்ததாம். அவர் அதையும் கேட்கவில்லையாம். "அதான் கை ரெண்டும் சும்மா தொங்குது. குடுக்குற கையும் இல்ல, பயப்படாதேன்னு காட்டுற கையும் இல்ல."

எனக்கு உடம்பே கூசிப்போனது. பிள்ளையையே துறந்த மனிதரிடம் போய்ப் பிள்ளை கேட்டிருக்கிறேன். அதுவும் துணியை விட்டவருக்குச் சேலையைச் சுற்றி! "இது தெரியாம போய்க் கேட்டேனே, என்ன நெனச்சிருப்பாரு?" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தீர்கள். "கைதான் குடுக்காது. காதப் பாத்தியா? தோளு வரைக்கும் தொங்குது. நீ சொன்னத நல்லாக் கேட்டிருப்பாரு, போ."

பிள்ளை பிறக்கவில்லை. அதற்குப் பிறகு சேலை கட்ட நான் போகவும் இல்லை.

ஒரே ஒரு தடவை போனேன். உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். பெரியாஸ்பத்திரியில், இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்களே, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. உங்களை என் தம்பியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். சேலை, பால் எதுவும் கொண்டுபோகவில்லை. அவர் யார் என்று தெரியும், அந்தக் கை எதையும் தராது என்றும் தெரியும். தெரிந்தும் நின்றேன். பால் ஊற்ற வந்த பெண்களெல்லாம் பார்க்க, இவரை எடுத்துக்கொள்ளாதே என்று வாய்விட்டுக் கத்தி அழுதேன். எல்லாரும் எல்லாவற்றையும் விடவேண்டியதுதான் என்று நிற்கிறவரிடம், நான் விடமாட்டேன் என்று சண்டை போட்டேன்.

திரும்பி வந்ததும், "எங்க போன?" என்று கேட்டீர்கள்.

"வெள்ளிக்கெழமைல்ல, கோயிலுக்கு."

என் காலில் ஒட்டியிருந்த கண்மாய்ச் சேற்றைப் பார்த்தீர்கள். "என்ன சொன்னாரு?" என்றீர்கள்.

"கேட்டுக்கிட்டாரு" என்றேன்.

"அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.