சுகமாகிவிட்டார்

பெப்ரவரி 11, 2024 – ஞாயிறு

இன்று இவர் என்னிடம், "நீ சாப்பிட்டியே தயா?" என்று கேட்டார். கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பிய நான் அப்படியே நின்றுவிட்டேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி.

கழுத்தில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததிலிருந்து மருந்து ஏற்றக் கொழும்புக்கு அலைகிறோம். தலைமயிர் எல்லாம் கொட்டிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை கரண்டி பிடிக்க நடுங்குகிறது. முன்பு அந்தக் கை சோற்றுக் கோப்பையை எறிந்தால் சுவரில் படும். இல்லாவிட்டால் என்மேல் படும்.

"சாப்பிட்டனான்" என்று பொய் சொன்னேன்.

மார்ச் 3 – ஞாயிறு

லக்சனாவின் பள்ளிக்கூடத்துக்கும் நிலாவெளிப் பிள்ளைகளுக்கும் உதைபந்தாட்டம். மகளின் விளையாட்டைப் பார்க்க வேண்டும் என்று இவரே கேட்டார். தொப்பி போட்டு ஓட்டோவில் கூட்டிப் போனேன். அவள் கோல் அடித்தபோது எழும்ப ஏலாமல் இருந்தபடியே கை தட்டினார். "அது என்ட பிள்ளை. என்ட பிள்ளை" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். போன வருடம்வரை "மாடு மாதிரி ஓடுறாள்" என்று சொன்ன மனுசன்.

ஆட்டம் முடிந்து லக்சனா ஓடி வந்தாள். கிட்ட வரவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றாள். பதினைந்து வருடப் பழக்கம். இவர் கையை நீட்டினார். பிறகுதான் வந்தாள்.

மார்ச் 20

எங்கள் கலியாண நாள். இவரே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். பாதி வழியிலேயே சிந்திவிட்டது. சீனியும் கூடிப்போய்விட்டது. முழுக்கக் குடித்தேன்.

இந்த வீட்டில் இப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. வருத்தக்காரர் நோயில் கிடக்கிற வீட்டில் இப்படிச் சந்தோஷமாக இருப்பது பிழையோ?

மே 9 – வியாழன்

ஸ்கான் முடிவு வந்தது. டொக்டர் வயதில் சின்னப் பிள்ளை. தனக்கே சுகம் வந்ததுபோலச் சிரித்தா. "ஒண்டும் இல்லை. சந்தோஷமா வீட்டை போங்கோ." இவர் என் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

லக்சனாவுக்குப் போன் எடுத்தால் அவளிடமும் ஒரு செய்தி. மாவட்ட அணிக்கு எடுபட்டிருக்கிறாள்! யார் முதலில் சொல்வது என்று இரண்டு பேரும் கத்தினோம். ஆஸ்பத்திரி வாசலில் சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். கோணேசரே, இனி உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன்.

ஜூன் 2

தலையில் மயிர் முளைக்கிறது. வாய்க்கு ருசி வந்துவிட்டது. திரும்ப வேலைக்குப் போகிறார்.

மத்தியானம், "இதென்ன கறி? நாய் தின்னுமே?" என்றார். பழைய குரல். லக்சனா தலையைக் குனிந்தபடி அவசரமாகச் சாப்பிட்டு எழும்பினாள். அவளுடைய அந்த அவசரத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

ஜூன் 17

கோப்பை சுவரில் பட்டது. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது.

ஜூலை 14 – ஞாயிறு

எப்படி எழுதுவது?

இறுதி ஆட்டம். சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. லக்சனா அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தினாள். இவர் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். தேற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். தலைமயிரில் பிடித்துத் தூக்கி, அத்தனை பேருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தார்.

பயிற்றுவிக்கிற றிஷானா ரீச்சர் ஓடி வந்து குறுக்கே நின்றா. "அண்ணா, பிள்ளையில கை வைக்காதேங்கோ!"

"என்ட பிள்ளை. நான் அடிப்பன், கொல்லுவன். உனக்கென்ன?"

வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு நான் படுக்கையில கிடக்கிறதுதானே விருப்பம்?"

ஒருத்தரும் "இல்லை" என்று சொல்லவில்லை.

ஜூலை 15

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

ஓகஸ்ட் 15

திரும்பவும் பரிசோதனை. திரும்பவும் நல்ல செய்தி. வீட்டுக்கு வந்து லக்சனாவிடம் சொன்னேன்.

"இனி வராதாமே அம்மா?"

"வராது எண்டுதான் சொல்லுகினம்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். ஆனால் முகம் விழுந்துவிட்டது. பெற்ற தகப்பனுக்குப் புற்றுநோய் திரும்பவில்லையே என்று என் பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது! நான் அதை இரண்டு மாதமாக நினைக்கிறேன். நான் கெட்டவளாக இருந்துவிட்டுப் போகிறேன். அவளும் ஏன் இப்படி ஆகவேண்டும்?

ஓகஸ்ட் 18 – ஞாயிறு

சொல்லிவிட்டேன். இது அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. "நீங்கள் உப்புவெளியில உங்கட அக்கா சுலோஜனாவோட போய் இருங்கோ" என்றேன். முதலில் சிரித்தார். பிறகு கையை ஓங்கினார். வாசலில் என் தம்பி அருளம்பலம் நிற்பதைக் கண்டதும் கை இறங்கியது.

"சாகக் கிடந்தவனைப் பார்த்தது இதுக்கோடி?"

"சாகக் கிடந்தவரைத்தான் பார்த்தனான். அவர் நல்ல மனுசன்" என்றேன்.

உடுப்புப் பையைத் தம்பி ஓட்டோவில் ஏற்றினான். நான் அழவில்லை. லக்சனா அறைக்குள் இருந்து வெளியே வரவில்லை.

செப்டெம்பர் 6

கோயிலில் சுலோஜனா அக்கா எல்லாரும் கேட்கச் சொன்னா: "நோயாளியைத் தெருவில விட்டவள்." என் தம்பியின் பெண்சாதிகூட நிலத்தைப் பார்த்தாள். நோயாளி இல்லை, சுகமாகிவிட்டார் என்று சொல்ல நினைத்தேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 13 – ஞாயிறு

மட்டக்களப்பில் ஆட்டம். பின்னேரம் லக்சனா பஸ்ஸிலிருந்து கதைத்தாள். "மூண்டுக்குச் சைபர் அம்மா! படுதோல்வி!" சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். பின்னால் பிள்ளைகள் பாட்டும் கூத்தும். தோற்றுவிட்டுச் சிரிக்க இவளுக்கு எப்போது தெரிந்தது?

போனை வைக்கமுன்னம் அடுத்த அழைப்பு. சுலோஜனா அக்கா. குரல் சரியாகக் கேட்கவில்லை. தன் தம்பிக்கு ஒரு வருத்தமும் இல்லையாம், டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"சோறு குழைஞ்சிட்டெண்டு... என்னை அடிச்சுப்போட்டான் தயா. ஒருக்கா வந்து கூட்டிக்கொண்டு போவன். உன்னைத்தான் தேடுறான்."

"ஏலாது அக்கா."

அவ அழுதா. கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம்தான்.

லக்சனா இருட்டமுன்னம் வந்துவிட்டாள். புட்டு அவித்து, மீன் பொரித்து, இருவரும் சாப்பிட்டோம். எனக்கு நல்ல பசி.