நன்றி: எங்கள் வீடு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வாலு எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். அவ்வளவு நல்ல சேதி.

‘சுங்கச் சாவடி’ தொடரைத் தயாரிக்கிற வானொலிக்காரர்கள் நான் நடத்துகிற ரசிகர் விக்கித் தளத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். தொடருக்கு ஐந்து வருஷம் ஆகிறதாம். அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். வானொலி நாடகம் இல்லையா, பாத்திரங்களின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. கேட்டவர்கள் அவரவர் மனசில் தோன்றியதை வரைந்தார்கள். அந்த முகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது எங்கள் தளத்தில்தான். அவற்றைச் சுவர் முழுக்க மாட்டப் போகிறார்கள். “ஒவ்வொரு படத்துக்கும் வரைந்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்டு, பெயரும் போட்டு வைத்திருக்கிறீர்கள். இப்படி ஒரு தளத்தை நாங்கள் பார்த்ததில்லை” என்று எழுதியிருக்கிறார்கள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாளில் பிழை திருத்திப் பிழைக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? அச்சகத்தில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அந்தத் தேடல் எனக்குத்தான் தெரியும், அண்ணி. ஒருவர் தன் பெயரை வேண்டாம் என்று நாயின் பெயரைப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு அம்மா, முதல் எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைக்கக் கூடாது என்றார். வைக்கவில்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி. வரைந்தவர்கள் எல்லாரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டுமாம். மற்றவர்களுடையது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. உங்களுடையது மட்டும் இல்லை. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன். நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள். வீட்டு ஆள்தானே, சும்மா ஒரு சம்பிரதாயம்.

அண்ணனின் குறட்டையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாலு

பிப்ரவரி 16

அன்புள்ள வாலுக்கு,

போன் செய்யாமல் எழுதுகிறேன். போனில் என்றால் கத்திவிடுவேன்.

உன் படிவத்தில் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் ‘தள நிர்வாகியின் குடும்பம்’ என்று இருக்கிறது. குடும்பம் எதையும் வரையவில்லை. உன் அண்ணனுக்கு ஸ்கேல் வைத்தாலும் நேர்கோடு வராது.

அதைப் பார்த்த பிறகுதான் உன் விக்கியை முழுதாகத் திறந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நாடகம் முடிந்ததும், கேட்ட சூட்டில் ஒரு முகம் வரைந்து உனக்கு அனுப்புவேன். நீ ஒரு ஊரிலும் நான் ஒரு ஊரிலுமாகக் கேட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மாதிரி இருக்கட்டும் என்றுதான். ஒன்றிரண்டைத் தளத்தில் போட்டிருப்பாய் என்று தெரியும். பத்தொன்பது இருக்கிறது. பத்தொன்பதின் கீழும் ஒரே வரி: ‘நன்றி: எங்கள் வீடு’.

மற்றவர்கள் படத்துக்குக் கீழே ‘வரைந்தவர்’ என்று போட்டுப் பெயர் இருக்கிறது. எனக்கு மட்டும் நன்றி. நன்றி சொல்லிவிட்டால் பெயர் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது. பத்திரிகைகளில் யாருடைய படத்தையோ எடுத்துப் போட்டுவிட்டு ‘நன்றி: இணையம்’ என்பார்களே, அதைக் காட்டிக் காட்டி நீதான் திட்டுவாய்.

உன் ‘அனுமதி’ பக்கத்தையும் படித்தேன். “கேட்காமல் எடுக்க மாட்டோம். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். பெயரை அவர்கள் சொன்ன எழுத்திலேயே போடுவோம்.” நன்றாக எழுதியிருக்கிறாய். பதிலே போடாத ஒரு கல்லூரி மாணவனுக்கு மூன்று முறை எழுதிக் காத்திருந்ததாகவும் அங்கேயே இருக்கிறது. எனக்கு ஒரு முறை எழுதினாயா?

ஒவ்வொரு படத்திலும் வலது கீழ் மூலையில் ஒரு கால்புள்ளி வைப்பேன். அது என் கையெழுத்து. பத்தொன்பதிலும் அந்த மூலையை வெட்டியிருக்கிறாய்.

போன வாரம் நடந்ததைக் கேள். எங்கள் பல் லேபில் வரவேற்பு மேசையில் இருக்கிற பெண்ணின் போனைத் திறந்தால் நம் நாடகத்து லாரிக்கார அக்கா முகம். நான் வரைந்தது. “இது யாரும்மா வரஞ்சது?” என்று தெரியாத மாதிரி கேட்டேன். “யாருன்னே தெரியலக்கா. என்னமா வரஞ்சிருக்காங்க, அந்தத் தாடையப் பாருங்களேன்!” பகல் முழுக்க மெழுகில் தாடையும் பல்லும் செய்கிறவளுக்குத் தாடை வராமல் என்ன? “நான்தான் வரஞ்சேன்” என்றேன். அறையே சிரித்தது. “கீழ உங்க பேரு இல்லியேக்கா! விட்டா நெலாவயும் நான்தான் ஒட்டுனேன்பீங்க.” நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மெழுகைச் சூடாக்கப் போனேன்.

கையெழுத்துப் போடவில்லை. முதலில் பதில் சொல்.

அண்ணி

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணி,

ஒரு கையெழுத்துக் கேட்டதற்கு இவ்வளவா?

கால்புள்ளி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். மை சிந்திய கறை என்று நினைத்தேன். பிழை திருத்துகிற கை, வேண்டாத இடத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தால் சும்மா இருக்காது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

மற்றதற்கு நான் தலை குனிய மாட்டேன். படங்களை எனக்கு அனுப்பியது நீங்கள். தளம் நடத்துகிறவளுக்கு அனுப்பினால் என்ன அர்த்தம், பெட்டியில் வைத்துப் பூட்டவா? நான் போடாவிட்டால் அவை உங்கள் லேபின் ஆர்டர் சீட்டுகளுக்குப் பின்பக்கம் கிடந்து கசங்கியிருக்கும். இன்று முகம் தெரியாத ஒரு பெண் போனில் வைத்துக்கொண்டு திரிகிறாள் என்றால் அதில் என் உழைப்பும் இருக்கிறது. ‘எங்கள் வீடு’ என்று போட்டது பெருமையில் போட்டது, உங்களை மறைக்க இல்லை. உங்களை வேற்றாளாக நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கும் திட்டா?

அப்புறம், அனுமதி வாங்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வாங்கினேன். முதல் படத்தைப் போடும் முன்பே அண்ணனுக்குப் போன் செய்தேன். “அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, நீ போட்டுக்கோ”ன்னான். எங்கள் பதிவேட்டில் தேதியோடு இருக்கிறது. அனுமதி தந்தவர்: அண்ணன், வாய்மொழியாக.

வானொலிக்காரர்கள் மாத முடிவுக்குள் கேட்கிறார்கள். சண்டையை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்ளலாம். இப்போது கையெழுத்து.

வாலு

பிப்ரவரி 24

தள நிர்வாகி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் அண்ணனிடம் நீட்டினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“இது எப்போ?”

“எது?”

“என் படத்துக்கு நீங்க அனுமதி குடுத்தது.”

“ஓ, அதுவா. வாலு கேட்டா, சரின்னேன். அதுக்கென்ன இப்போ?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“சொல்ற அளவுக்கு அது ஒரு விஷயமா? சும்மா கிறுக்கினதுதானே.”

கிறுக்கினது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் காலர் கருகிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்லவில்லை.

அந்தக் கல்லூரி மாணவனின் படத்துக்கு அவன் அப்பாவிடம் கேட்டாயா? முதல் எழுத்துக்குப் புள்ளி வேண்டாம் என்ற அம்மாவின் படத்துக்கு அவர் வீட்டுக்காரரிடம் போனாயா? என்னிடம் வந்தபோது மட்டும் புத்தி ஏன் அப்படிப் போயிற்று? சரி, உன் அண்ணன் மீசையை மழிக்க நான் உனக்கு வாய்மொழியாக அனுமதி தருகிறேன். தேதி போட்டுப் பதிந்துகொள். அவர் தூங்கும்போது வந்து மழித்துவிட்டுப் போ.

வேற்றாளாக நினைக்கவில்லை என்கிறாய். உன் தளத்தில் வேற்றாளுக்குத்தான் மரியாதை. என்னையும் வேற்றாளாகவே நினை.

இன்னொன்று. லாரிக்கார அக்காவின் பக்கத்தில் ‘தோற்றம்: இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு’ என்று எழுதியிருக்கிறாய். நாடகத்தில் அது எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. நான் வைத்த தழும்பு அது. அந்தக் கரகரத்த குரலுக்கு அப்படி ஒரு புருவம் வேண்டும் என்று எனக்குப் பட்டது. உன் பக்கத்தைப் படித்துத்தானோ என்னவோ, போன வருஷம் சாவடிக் காசாளர் அவளிடம் “அந்தத் தழும்பு எப்பிடிக்கா வந்துச்சு?” என்று கேட்கிற மாதிரி ஒரு காட்சியே வைத்தார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். யாரிடமாவது சொன்னால் நிலாவை ஒட்டிய கதைதான். இப்போது பார்த்தால் அதுவும் எங்கள் வீட்டுத் தழும்பாகிவிட்டது.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பத்தொன்பதையும் எடு. ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
வரைந்தவர்

பிப்ரவரி 28

அண்ணிக்கு,

கேட்பது என்னவென்று தெரிந்துதான் கேட்கிறீர்களா? லாரிக்கார அக்காவுக்கு வேறு முகமே கிடையாது. உங்கள் படத்தைப் பார்த்த பிறகு வேறு யாரும் அவளை வரையத் துணியவில்லை. அவள் இல்லாமல் அந்தச் சுவர் எதற்கு? ஐந்து வருஷம், வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து கட்டிய தளம். உங்கள் ஒரு கோபத்துக்கு அதை ஓட்டையாக்கச் சொல்கிறீர்கள். அம்மாகூட “அவ கோவம் ரெண்டு நாளு, விட்டுப்புடி”ன்னு சொன்னாள். ரெண்டு நாள் எப்போதோ போயாயிற்று.

அண்ணனிடம் கேட்டது தப்பு. சரி, எழுதிவிட்டேன், போதுமா? உங்களிடம் எழுத்தில் கேட்டால் ‘என்னடி, எங்கிட்டயே பேப்பர நீட்டுறே’ என்று வருத்தப்படுவீர்கள் என்று பயந்தேன். இப்போது நீட்டாததற்கு இந்தக் கோபம். உங்களிடம் எப்படித்தான் நடந்துகொள்வது?

புதுப் படிவம் வைத்திருக்கிறேன். பெயரை நிரப்பவில்லை. உங்கள் இஷ்டம் போல எழுதிக்கொள்ளுங்கள். கால்புள்ளியை ஆள் உயரத்துக்குப் போடச் சொன்னாலும் போடச் சொல்கிறேன். எடுக்க மட்டும் சொல்லாதீர்கள்.

வாலு

மார்ச் 3

எடுத்தாயா?

மார்ச் 8

அண்ணிக்கு,

எடுத்துவிட்டேன்.

படங்கள் போய்விட்டன. கட்டங்களை நீக்கவில்லை. படம் இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘வரைந்தவர்: கால்புள்ளி. அவரைக் கேட்காமல் வெளியிட்டிருந்தோம். அவர் சொன்னதால் நீக்கினோம்.’ கால்புள்ளி என்பது நானாகப் போட்ட பெயர். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், மாற்றுகிறேன். பதிவேட்டில் அண்ணன் வரியின் மேல் கோடு போட்டு அடித்திருக்கிறேன். அழிக்கவில்லை. அடித்தது எல்லாருக்கும் தெரியும்.

தழும்புக்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்தேன்: ‘தொடரில் முதலில் இல்லை. கால்புள்ளி வரைந்த படத்திலிருந்து வந்தது.’ உங்கள் படம் எனக்கு வந்த தேதியையும், அந்தக் காட்சி ஒலிபரப்பான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

வானொலி அலுவலகத்து அம்மா போனில் பேசினார். “வரைஞ்சவங்க மறுத்துட்டாங்கன்னு போட்டுட்டுப் போங்களேன். எதுக்கு உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கிறீங்க?”

“அவங்க மறுக்கலீங்க. நாங்க கேக்கல.”

“அப்போ வேற யாரையாவது வெச்சு அதே மாதிரி வரைஞ்சு வாங்கிக்கட்டுமா? அந்தத் தாடை, தழும்பு எல்லாம் அப்படியே?”

“அதுக்கும் அவங்களத்தாங்க கேக்கணும்.”

“ரொம்ப நல்லாருக்கும்மா உங்க நியாயம்” என்று வைத்துவிட்டார். சுவரில் எங்கள் தளத்துக்கு இனி இடம் இருக்குமா என்பதே தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்து பார்க்கிறேன். பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. எனக்கும் உங்கள் மேல் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய்.

வாலு

மார்ச் 15

வாலுக்கு,

பார்த்தேன். உன் அண்ணனும் பார்த்தார். “இவ்ளோ வரஞ்சியா நீ?” என்றார். படம் இருந்தபோது எண்ணாதவர், இல்லாதபோது ஒவ்வொன்றாக எண்ணினார். அவருக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

பெயர் அதுவே இருக்கட்டும்.

அந்த வெள்ளைக் கட்டங்களை அப்படியே வைத்திருக்க உனக்கு அனுமதி தருகிறேன். எழுத்தில் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். படங்களுக்குத் தரவில்லை. கண்காட்சிக்கும் தரவில்லை. ‘அவ கோவம் தீந்துடுச்சு’ என்று உன் அண்ணன் போனில் சொன்னால் நம்பாதே. அவர் பேச்சை நம்பித்தான் இவ்வளவும் வந்தது.

இந்த ஞாயிறும் நாடகம் கேட்டேன். வரைந்தேன். உனக்கு அனுப்பவில்லை. இனி நானாக அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் கேட்டு எழுது. மூன்று முறை எழுத வேண்டியிருந்தாலும் எழுது.

உன் புதுப் படிவத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கீழே ‘சம்மதிக்கிறேன்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. பிழை திருத்துகிற உன் கண்ணுக்கே இது தப்பிவிட்டது. ‘சம்மதிக்கவில்லை’ என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்து எனக்கு அனுப்பு. இரண்டில் எதில் டிக் போடுவேன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அண்ணி